காப்பைக் கழற்றுமுன் ஒரு கணக்கு



இப்படி ஒரு காட்சியை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். அஸர் தொழுகை முடிந்து தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரம். ஐந்து வருடம் துபாயில் வேலை செய்துவிட்டு வந்த மகன் அடுப்படி வாசலில் வந்து நிற்கிறான்.

"உம்மா, கிரான் சந்தியில் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். பிரஷர் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டால் வாகனம் கழுவும் தொழில் செய்யலாம். அந்த வழியால் நாள் முழுக்க வாகனம் போய்க்கொண்டே இருக்கிறது. என் கைக்காசு போதாது. உங்கள் காப்பு இரண்டையும் தாங்க உம்மா, ஆறு மாதத்தில் மீட்டுத் தருவேன்."

நீங்கள் என்ன சொல்வீர்கள்? பிள்ளை மறுபடியும் கடல் கடந்து போகாமல் கண்முன்னே இருந்தால் போதும் என்று தாயின் மனம் தவிக்கும். காப்பு என்ன பெரிய காப்பு என்று கை தானாக மணிக்கட்டுக்குப் போகும். எங்கள் வீடுகளில் எத்தனையோ தொழில்கள் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. சில, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தின. சில, காப்பையும் விழுங்கிப் பிள்ளையையும் மறுபடி விமானம் ஏற்றின.

காப்பைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கொடுக்குமுன் ஒரு கணக்கு எடுங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் முன்னோர். மகன் வாகனங்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். நாம் எண்ண வேண்டியது வாகனத்தை அல்ல. நின்று காசு கொடுத்துக் கழுவிக்கொண்டு போகிறவர்களை.

துபாய் வேறு, கிரான் வேறு

கிரானைப் பார்த்திராத சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் போகும் பெருந்தெருவில் ஏறாவூர், செங்கலடி, சித்தாண்டி எல்லாம் தாண்டியபின் வரும் ஊர் அது. கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகம் அங்கேதான் இருக்கிறது. சந்தியிலிருந்து மேற்கே திரும்பினால் புலிபாய்ந்தகல், குடும்பிமலை என்று வயலும் மேய்ச்சல் தரையுமான பெரும் பரப்பு. பெரும்பாலும் தமிழ் மக்கள் வாழும் ஊர். வேளாண்மையும் மாடும் மீன்பிடியும் கூலி வேலையும்தான் சீவியம். ஓட்டமாவடியிலும் ஏறாவூரிலும் போட்டி கூடிவிட்டது என்று நினைக்கும் நம் பிள்ளைகளின் கண், நடுவில் இருக்கும் இந்தச் சந்தியில் விழுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் மகன் தொழில் பழகியது துபாயில். அங்கே ஏன் கார் கழுவும் தொழில் நடக்கிறது என்று யோசித்தானா? பாலைவனத் தூசு ஓயாமல் படியும். மாடி வீட்டில் இருப்பவருக்கு முற்றமும் இல்லை, கிணறும் இல்லை. அழுக்கேறிய காரைப் பொது இடத்தில் கிடக்கவிட்டால் மாநகர சபை 500 திர்ஹம் தண்டம் போடும். கழுவ இடமில்லை, கழுவாமலும் இருக்க முடியாது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அங்கே வாடிக்கையாளரைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

கிரானில் இந்த இரண்டும் இல்லை. வீட்டுக்கு வீடு முற்றம் உண்டு, கிணறு உண்டு. சேறு படிந்த மோட்டார் சைக்கிளுக்கு யாரும் தண்டம் போடுவதில்லை. ஆக, மெஷின் ஒன்றுதான், மண் வேறு.

உண்மையான போட்டியாளன் யார்?

தொழில் தொடங்குகிறவர்கள் பக்கத்தில் வேறு சேர்விஸ் நிலையம் இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள். இல்லை என்றால் மகிழ்ந்து போவார்கள். சகோதரியே, அந்த மகிழ்ச்சி ஆபத்தானது. ஒருவரும் கடை போடாத இடத்தில், யாருக்கும் தோன்றவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். போட்டால் ஓடாது என்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டில் எது என்று அறியாமல் கால் வைக்கக்கூடாது.

கிரான் போன்ற ஊரில் உங்கள் மகனின் பெரிய போட்டியாளன் இன்னொரு மெஷின்காரன் அல்ல, கிணற்றடி வாளி. உழவு இயந்திரக்காரர் வயலிலிருந்து திரும்பும்போது வாய்க்காலிலோ ஆற்றுத் துறையிலோ இறக்கிச் சேற்றைக் கழுவிவிட்டு வருவார். ஓட்டோக்காரர் விடியற்காலையில் வீட்டுக் கிணற்றடியில் துடைத்துவிட்டுத்தான் சந்திக்கு வருவார். மோட்டார் சைக்கிளை வெள்ளிக்கிழமை அல்லது ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பையன் கழுவுவான். இவர்கள் எல்லாரிடமும் வாகனம் இருக்கிறது, அழுக்கும் இருக்கிறது. ஆனால் வேலை இலவசமாக முடிந்துவிடுகிறது. இலவசத்தோடு போட்டியிடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமான போட்டி.

இன்னொன்றும் உண்டு. இந்த மெஷின் முன்பு தொழிற்சாலைகளுக்கே உரியதாக இருந்தது. ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் 1950 இல் வெந்நீரைப் பேரழுத்தத்தில் அடிக்கும் மெஷினைக் கொண்டுவந்தது. வீட்டுக்காரர் தூக்கிப் பாவிக்கக்கூடிய சிறிய மெஷினை அதே நிறுவனம் 1984 இல் விற்பனைக்கு விட்டது. இன்று பல கம்பனிகளின் சின்ன மெஷின்கள் பட்டணத்துக் கடைகளில் கிடைக்கின்றன. ஆகவே வானும் காரும் சொந்தமாக வைத்திருக்கும் வசதியான வீட்டை மட்டும் நம்பித் தொழில் தொடங்கக்கூடாது. அந்த வீடுதான் முதலில் சொந்தமாக மெஷின் வாங்கும்.

எண்ணுவது எப்படி?

ஒரு கொப்பி எடுங்கள். மகனைச் சந்திக்கு அனுப்புங்கள். ஒரு நாள் போதாது. வேலை நாள் ஒன்று, சனி அல்லது ஞாயிறு ஒன்று, அரசாங்கச் சம்பளம் வந்த பிறகு ஒரு நாள் என்று குறைந்தது மூன்று நாட்கள். காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம்.

போகும் வாகனத்தை எல்லாம் ஒரே பட்டியலில் எழுதக்கூடாது. மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கொழும்புக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடும் பஸ், லொறி, வான் எல்லாம் முதலாம் பக்கம். அவை கிரானைக் கடந்து போகிறவை. கழுவ நிற்பவை அல்ல. மகனின் கண்ணை மயக்கியது இந்தக் கூட்டம்தான். சந்தியில் திரும்பி உள்ளூருக்குள் போகிறவை இரண்டாம் பக்கம். சந்தியில் நிறுத்திக் கடைக்கோ, வங்கிக்கோ, பிரதேச செயலகத்துக்கோ போய்வருகிறவை மூன்றாம் பக்கம். வேலை முடியும்வரை வாகனத்தை விட்டுவிட்டுப் போகக்கூடியவர்கள் இந்த மூன்றாம் பக்கத்துக்காரர்தான். அந்தப் பக்கம் நிறைந்தால் நம்பிக்கை கொள்ளலாம்.

சுற்றுவட்டாரத்தில் ஏற்கனவே கழுவும் இடம் இருக்கிறதா? அப்படியானால் அங்கேயும் பாருங்கள். காலை பத்து மணிக்கு அங்கே வேலையாள் கதிரையில் சாய்ந்திருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. மூன்று வாகனம் வரிசையில் நின்றால் அதுவும் விடைதான். மகனை அங்கே காசு கொடுத்து ஒரு தடவை கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் வைக்கிறார்கள், எதைச் சரியாகச் செய்வதில்லை என்று தெரிந்துவிடும். அந்த மனிதருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. அவர் பிழைப்பைப் பறிக்கும் விதமாக எதிரிலேயே போய்க் குந்துவதைவிட, அவர் செய்யாத வேலையைத் தேடுவது மேல். அக்கம்பக்கத்தின் நல்லெண்ணம் இல்லாமல் எந்த ஊரிலும் கடை நிலைக்காது.

கேட்பது எப்படி?

இது உங்கள் பகுதி, சகோதரியே. சந்தியில் நிற்பது மகன். வீடுகளுக்குள் போய்க் கேட்கக்கூடியவர் நீங்கள். வாகனம் ஆண்களுடையதாக இருக்கலாம். ஆனால் எந்தச் செலவு முதலில், எது பிறகு என்பது வீட்டுக்குள்ளே தீர்மானமாவது. அதை அறிந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். "என் மகன் கடை போட்டால் வருவீர்களா?" என்று கேட்காதீர்கள். நம் பக்கத்து மக்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். "கட்டாயம் வருவோம், நம்ம பிள்ளைதானே" என்பார்கள். அது அன்பு, வாடிக்கை அல்ல. அந்த அன்பை நம்பிக் காப்பை விற்றவர்கள் உண்டு.

நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக மோட்டார் சைக்கிள் எப்போது கழுவினீர்கள்? எங்கே? யார் கழுவியது? எவ்வளவு கொடுத்தீர்கள்?" இந்த நான்கு கேள்வி போதும். நடந்து முடிந்ததைப் பற்றி யாரும் மரியாதைக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. "போன மாதம், சின்னவன்தான், கிணற்றடியில்" என்று பதில் வந்தால் கொப்பியில் பூச்சியம் போடுங்கள். "பெருநாளைக்கு முதல் நாள் வாழைச்சேனையில் கொடுத்துக் கழுவினோம்" என்றால் ஒன்று போட்டு, வருடத்துக்கு எத்தனை தடவை என்றும் எழுதுங்கள். உங்கள் ஊர் வீடுகளோடு நிற்காமல், கிரானில் பழக்கமான குடும்பங்கள் இருந்தால் அங்கும் கேளுங்கள். கடை கிரானில், கணக்கை ஓட்டமாவடியில் மட்டும் எடுத்தால் பொருந்தாது. ஐம்பது வீடு கேட்டபிறகு கொப்பியைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் உண்மை.

மாதங்களைப் பிரித்துப் பாருங்கள்

வேளாண்மை ஊரில் காசு எல்லா மாதமும் ஒரே அளவில் புழங்காது. பெரும்போக விதைப்பு ஐப்பசி, கார்த்திகையில். அறுவடை மாசி, பங்குனியில். நீர்ப்பாசனம் உள்ள இடத்தில் சிறுபோகம் ஆவணிக்குள் வெட்டுக்கு வரும். மழையை மட்டும் நம்பும் மானாவாரிக் காணிக்காரருக்கு வருடத்தில் ஒரு தடவைதான் கைநிறையக் காசு. நெல் விற்ற வாரத்தில் தாராளமாகச் செலவழிக்கும் அதே மனிதர், உரம் வாங்கும் மாதத்தில் தேநீர்க் காசையும் எண்ணுவார்.

அழுக்கு எப்போது அதிகம்? வாடை மழையில், அதாவது கார்த்திகை, மார்கழியில். ஆனால் கிரானின் நிலைமையை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். வெள்ளம் பெருகினால் கிரானிலிருந்து புலிபாய்ந்தகலுக்குப் போகும் பாதை நீரில் மூழ்கிவிடும். மக்கள் தோணியில் கடப்பார்கள். மேற்குப் பக்கத்து உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் சந்திக்கு வராது. வரக்கூடியவர்களும், "இன்று கழுவினால் நாளை மறுபடி சேறுதானே" என்று விட்டுவிடுவார்கள். சேறு கூடிய மாதமே வாடிக்கை குறைந்த மாதம்! 2011 ஜனவரியில் வந்தது போன்ற பெருவெள்ளம் வந்தால் தொழில் பல வாரங்களுக்கு நின்றே போகும்.

மழை விட்டபிறகுதான் நல்ல காலம். தைப்பொங்கல், சித்திரைப் புதுவருடம், நமது இரு பெருநாட்கள், கோயில் திருவிழாக்கள், புரட்டாதி, ஐப்பசியில் வரும் ஆயுத பூசை எல்லாம் வீட்டையும் வாகனத்தையும் சுத்தம் செய்யும் நாட்கள். கச்சான் காற்று வீசும் கோடையில் உள்வீதிகளில் தூசு பறக்கும். இந்த நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, எந்த மாதம் வரவு, எந்த மாதம் வரட்சி என்று பென்சிலால் குறியுங்கள். வருடத்தில் மூன்று மாதம் வேலையே இல்லை என்றால், மற்ற ஒன்பது மாதமும் அந்த மூன்றையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

இனிக் கணக்கு

கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதி விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

மெஷின், தண்ணீர்த் தாங்கி, கொங்கிரீட் தளம், வயரிங் எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் என்று வைப்போம். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு 400 ரூபாய் எடுக்கிறார். அதில் சவர்க்காரம், மின்சாரம், துணி என்று 60 ரூபாய் போனால் மிஞ்சுவது 340. மாதச் செலவு என்ன? இட வாடகை 6,000. மெஷின் பழுதுக்கு ஒதுக்கி வைப்பது 4,000. மகனின் உழைப்புக்கு நாள் ஒன்றுக்கு 1,500 வீதம் 26 நாளைக்கு 39,000. "அவன் நம்ம பிள்ளைதானே, சம்பளம் எதற்கு?" என்று கேட்காதீர்கள். வேறெங்கே வேலை செய்தாலும் அவனுக்குக் கூலி கிடைக்கும். அதை எழுதாத கணக்கு பொய்க் கணக்கு.

மொத்தம் 49,000 ரூபாய். இதை 340 ஆல் பிரித்தால் மாதம் 145 வண்டி கழுவினால்தான் கையைக் கடிக்காமல் இருக்கும். காப்பை ஒரு வருடத்தில் மீட்க மாதம் 20,000 ஒதுக்க வேண்டும். அப்போது மாதம் 203 வண்டி. வேலை நாள் ஒன்றுக்கு எட்டு.

எட்டு என்பது சின்ன எண்போலத் தெரிகிறதல்லவா? இன்னும் ஒரு படி போங்கள். ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார் என்று வைத்தால், நாளைக்கு எட்டு என்பதற்கு ஏறத்தாழ 400 நிரந்தர வாடிக்கையாளர் வேண்டும். உங்கள் கொப்பியில் ஐம்பது வீட்டில் ஐந்து வீடுதான் காசு கொடுத்துக் கழுவுகிறது என்றால், பத்துக்கு ஒன்று. வீட்டுக்கு ஒரு வண்டி என்றாலும் 400 பேர் கிடைக்க 4,000 வீடு வேண்டும்! அத்தனை வீடு அந்தச் சந்தியை அண்டி இருக்கிறதா என்று இப்போது கேளுங்கள். 'ஆறு மாதத்தில் மீட்டுத் தருவேன்' என்ற வாக்கு எவ்வளவு கனமானது என்று மகனுக்கே விளங்கும்.

வாகனம் மட்டும்தானா?

கணக்கு இப்படிக் கையை விரித்தால் மனம் உடைய வேண்டாம். மெஷினின் வேலை வாகனத்தோடு முடிவதில்லை. மழைக்குப் பின் மதிலிலும் முற்றத்துக் கல்லிலும் பாசி படிகிறது. பள்ளிவாசல், கோயில், பாடசாலை முன்றில்கள் உண்டு. கல்யாண வீடுகளுக்குக் கதிரையும் கிடாரமும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. கோழிப் பண்ணை, அரிசி ஆலை உண்டு. சற்றுத் தள்ளி வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகமும் பாசிக்குடாவில் உல்லாச விடுதிகளும் இருக்கின்றன. விடுதிகள் சொந்தமாக மெஷின் வைத்திருக்கவும் கூடும். போய்க் கேட்டுவிட்டுத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால், சந்தியில் இடம் பிடித்து வாடகை கட்டி வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பதைவிட, மெஷினையும் ஒரு சிறு தாங்கியையும் ஓட்டோவில் ஏற்றி வேலை இருக்கும் இடத்துக்குப் போவது கிரான் பகுதிக்குப் பொருந்தலாம். கொங்கிரீட் தளமும் வாடகையும் இல்லை. வெள்ளம் வந்தால் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டில் இந்த மெஷினால் அடிக்கக் கூடாது. நுண்ணிய நார்கள் தெறித்துப் பறக்கும். அவை நுரையீரலுக்குள் போனால் கொடிய நோய் தரும். யார் காசு கொடுத்தாலும் அந்த வேலை வேண்டாம்.

தண்ணீர், மின்சாரம், அனுமதி

சாதாரண மெஷின் நிமிடத்துக்கு 8 லீட்டர் அளவில் தண்ணீர் அடிக்கும். ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் என்றால் 80 லீட்டர். எட்டு வண்டிக்கு 640. ஆயிரம் லீட்டர்த் தாங்கி ஒன்று ஒரு நாளைக்குப் போதும். ஆனால் எந்தத் தண்ணீர்? வாவியை அண்டிய கிணறுகள் கோடையில் உவர்த்துவிடும். உவர் நீர் மெஷினின் பம்பியை அரிக்கும். கழுவிய வண்டியில் வெள்ளைப் புள்ளி விழும். இடம் பேசுமுன் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கோடையில் வாயில் விட்டுப் பாருங்கள். ஓடும் ஆற்றருகே வுளூச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று சொல்லித் தந்த மார்க்கம் நமது. விசையை விட்டதும் தண்ணீர் நிற்கும் துப்பாக்கி உள்ள மெஷினையே வாங்கச் சொல்லுங்கள்.

ஈரத்தில் நின்று மின்சாரத்தோடு செய்யும் வேலை இது. நிலத்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத இடத்தில் மெஷினைப் போடவே கூடாது. பீறிடும் நீர் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. சிறு பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

எண்ணெய் கலந்த கழுவுநீர் அயல் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகக்கூடாது. வாகன சேர்விஸ் நிலையங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்று ஒன்று உண்டு. உங்கள் தொழிலின் அளவுக்கு எது தேவை என்று பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே கேட்டு, அந்தச் செலவையும் கொப்பியில் எழுதுங்கள். தளம் போட்ட பிறகு கேட்பது தலையைக் கொடுத்துவிட்டு விலை பேசுவது போன்றது.

நம் கையில் இல்லாதவையும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. வண்டிகள் வீட்டு மூலையில் உறங்கின. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அப்படியொரு காலம் மறுபடி வந்தால் இரண்டு மூன்று மாதம் தாங்க என்ன கையிருப்பு உண்டு என்பதையும் மகனிடம் கேட்டு வையுங்கள்.

கடன் வாசலில் நிற்கிறது

காப்பு போதாவிட்டால் அடுத்து வருவது வாரக் கடன். வாசலுக்கே வந்து தருவார்கள். வாசலுக்கே வந்து அறவிடுவார்கள். வட்டி ஹராம் என்பது நமக்குத் தெரியும். அது குடும்பத்தை என்ன செய்யும் என்பதை நாடே கண்டுவிட்டது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களை, ஒரு இலட்சம் ரூபாய் வரையானவற்றை, தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் 2018 இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. பக்கத்துப் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் 2021 மார்ச் 8 அன்று கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அவர்களும் தொழில் செய்து முன்னேறலாம் என்று நம்பித்தான் கையெழுத்து வைத்தார்கள்.

வாராவாரம் கட்ட வேண்டிய கடனும், போகத்துக்குப் போகம் காசு வரும் ஊரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வாடிக்கையாளர் மாசியில் வருவார். கடன்காரர் அடுத்த செவ்வாய்க்கிழமையே வருவார்.

விற்றுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

அப்படியானால் வழிதான் என்ன? ஒரு பழைய நிகழ்ச்சி சொல்கிறேன். இந்தியாவின் அகமதாபாத் நகரில் கர்சன்பாய் பட்டேல் என்ற அரசாங்க இரசாயனவியலாளர் இருந்தார். 1969 இல் வீட்டுக் கொல்லையில் சலவைத் தூள் கலந்து, அலுவலக நேரம் போகச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய், கிலோ 3 ரூபாய்க்கு விற்றார். அவர் முதலில் தொழிற்சாலை கட்டவில்லை. முதலில் உத்தியோகத்தை விடவும் இல்லை. அதே கதவை மறுபடி தட்டியபோது அந்தப் பெண்கள் மறுபடி வாங்குகிறார்களா என்று பார்த்தார். ஏறத்தாழ மூன்று வருடத்துக்குப் பிறகுதான் உத்தியோகத்தை விட்டார். 'நிர்மா' என்ற பெயரில் நாம் எல்லாரும் கேள்விப்பட்டது அந்தத் தூள்தான்.

உங்கள் மகனும் அப்படிச் செய்யலாம். ஒரு மெஷினை வாடகைக்கு அல்லது தெரிந்தவரிடம் இரவலாக எடுக்கட்டும். ஒரு மாதம், கிடைத்த இடத்தில், அல்லது வீடு வீடாகப் போய் வேலை செய்யட்டும். உறவுக்காரருக்கு இலவசமாகக் கழுவக் கூடாது. முழுக் காசும் வாங்க வேண்டும். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே திகதி எழுதுங்கள். முதல் தடவை வருபவர் புதினம் பார்க்க வருவார். இரண்டாம் தடவையும் காசோடு வருபவர்தான் வாடிக்கையாளர். ஒரு மாதம் முடிந்ததும் இரண்டாம் தடவைப் பெயர்களை மட்டும் எண்ணுங்கள்.

அந்தப் பெயர்கள் போதுமானவை என்றால், பிஸ்மில்லாஹ் சொல்லிக் காப்பைக் கழற்றிக் கொடுங்கள், தயங்க வேண்டாம். ஒரு காப்பு போதும் என்று கணக்குச் சொன்னால் இரண்டைக் கொடுக்காதீர்கள். போதாது என்றால் மகனைத் திட்டாதீர்கள். அவனைப் பக்கத்தில் இருத்திக் கொப்பியைக் காட்டி, "மகன், இந்தச் சந்தியில் இல்லை. இந்த மதில் வேலையில் ஐந்து பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது, அதைப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். ஒரு மாத உழைப்பும் ஒரு கொப்பியும்தான் செலவு. காப்பு கையில் இருக்கிறது, பிள்ளையும் வீட்டில் இருக்கிறான்.

உங்கள் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பறக்கத் செய்வானாக!